கரும்பலகையில் எங்கள் தெரு

நான் வாடகைக்கு எடுத்த கடையில் சாப்பிடும் இடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. அந்தச் சுவரில் ஒரு தட்டு நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. உள்ளேயிருந்து அக்கா குழம்புக் கிண்ணத்தை நீட்டுவாள், வெளியே நின்று நான் வாங்குவேன். சாப்பிட வருகிறவர்களுக்கு என் அக்கா முழங்கை வரைக்கும்தான்.

கடை இருப்பது திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில். முன்பு உர மூட்டை அடுக்கிய கிடங்கு அது. உரக்கடைக்காரர் பக்கத்திலேயே புதுக் கிடங்கு கட்டிக்கொண்டு பழையதை எனக்கு விட்டார். எத்தனை முறை கழுவினாலும் மழை பெய்தால் தரையிலிருந்து உர வாடை கிளம்பும். அதை அமுக்குவதற்கென்றே அக்கா காலையில் முதல் வேலையாகப் பூண்டைத் தட்டி எண்ணெயில் போடுவாள். கிடங்கில் மாட்டியிருந்த பிள்ளையார் படத்தை நாங்கள் எடுக்கவில்லை. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் முன்னாலேயே குடியிருப்பவரைக் கிளப்ப மனசு வரவில்லை.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்கு ஓர் இடத்தில் கால் தரிக்காது. லாரியில் கிளீனராக ஓடினேன். திருப்பூரில் பனியன் மடித்தேன். கொச்சியில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன். சென்னையில் தட்டுக் கழுவுவதில் ஆரம்பித்து காய்கறி நறுக்குவது வரை உயர்ந்தேன். எந்த ஊருக்குப் போனாலும் ஓட்டலின் பின்வாசல்தான் எனக்கு வாசல். வாடிக்கையாளர் மேசையில் கண்ணாடி, பூ, ஏசி. பின்னால் நேற்றைய சாம்பார் இன்றைய சாம்பாருக்குள் இறங்கும். பொரித்த எண்ணெய் கறுத்த பிறகும் தாளிப்புக்குப் போகும். சோறு பூத்துத் தெரிய சோடா உப்புப் போடுவார்கள். இதை எல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. அங்கே நின்றுதான் சாப்பிட்டேன், தூங்கினேன், சம்பளம் வாங்கினேன். ஒன்று மட்டும் மனதில் விழுந்தது. முன்னால் இருக்கிறவனுக்குப் பின்னால் நடப்பது தெரியக்கூடாது என்பதற்காகவே கதவு போடுகிறார்கள். நான் கடை வைத்தால் கதவே வேண்டாத மாதிரி வைக்க வேண்டும்.

ஊர் திரும்பியபோது அக்கா நடவுக் கூட்டத்துக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் இறந்துபோன பிறகு அவளுக்கு அதுதான் பிழைப்பு. வயலில் இறங்கி நட்டவள், இடுப்பு விட்டுப்போனதும் வரப்போரத்தில் கல்லைக் கூட்டி அடுப்பு வைத்து நாற்பது பேருக்குச் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டாள். அவள் மீன் குழம்பை ஒருமுறை சாப்பிட்டால் ஆள் கேட்டு வருவார்கள். கடை வைக்கலாமா என்றேன்.

“நீ எத்தன மாசம் இருப்ப?” என்றாள். “சட்டியக் கழுவுறதுக்குள்ள பஸ்ஸு ஏறிடுவ.”

“இந்தத் தடவை இருப்பேன்.”

“இருந்தா சரி. நான் அடுப்பப் பாத்துக்கறேன். முன்னாடி வர மாட்டேன்.”

முன்னால் வர மாட்டேன் என்று அவள் ஏன் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் பிறந்த யாரும் கேட்க வேண்டியதில்லை.

முதல் ஒரு வருஷம் கடை சுமாராக ஓடியது. பிறகு அரைக் கிலோமீட்டரில் புதிதாக ஓர் ஓட்டல் வந்தது. கண்ணாடிக் கதவு, வாசலில் குடை பிடித்த பொம்மை. அங்கே போய் வந்தவர்கள் என் கடைக்கு வந்து மூக்கைச் சுளித்தார்கள். ஒருநாள் ஒருவர் மீனை விரலால் திருப்பிப் பார்த்து, “இது எத்தன நாள் ஐஸ்ல கெடந்தது தம்பி?” என்று கேட்டார்.

அன்று காலையில்தான் அதிராம்பட்டினத்திலிருந்து வேனில் வந்த கொடுவா அது. எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் ஒரு கரும்பலகை வாங்கி வாசலில் மாட்டி, சாக்பீஸால் எழுதினேன். கொடுவா, அதிராம்பட்டினம், காலை வேன். அரிசி, பக்கத்து ஊர் ஆலை, போன போகப் பொன்னி. நல்லெண்ணெய், குத்தாலம் செக்கு. நேற்றுச் சாம்பார் கிடையாது, மீந்தது மாட்டுக்குப் போனது. என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அதனாலேயே நின்று படித்தார்கள்.

எழுதியது கோபத்தில். ஆனால் அது வேலை செய்தது. பேங்கில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, தினமும் பலகையைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். “இன்னைக்கு என்ன நியூஸ்?” என்பார். மீன் வராத நாளில் “மீன் இல்லை, கடலில் காற்று” என்று எழுதினால், அன்று ரசத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போவார். மீன் இல்லை என்பதற்காக யாரும் திரும்பிப் போகவில்லை. இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொன்னால் ஆட்கள் நிலைக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித் தராத கணக்கு இது.

இன்னொரு வழக்கமும் வந்தது. பார்சல் கேட்டால் நான் குழம்பைப் பிளாஸ்டிக் உறையில் கட்ட மாட்டேன். கடைக்கென்று எவர்சில்வர் தூக்குகள் வாங்கி, சுவரில் வரிசையாக ஆணி அடித்து மாட்டியிருந்தோம். குழம்பைத் தூக்கில் ஊற்றி மஞ்சள் துணிப்பையில் வைத்துக் கொடுப்போம். அடுத்த முறை வரும்போது திருப்பித் தர வேண்டும். எங்கள் பக்கத்தில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். நாலு பச்சை மிளகாயாவது, ஒரு கைப்பிடிச் சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். பேங்க் அம்மா முதல்முறை தூக்கைத் தந்தபோது உள்ளே கறிவேப்பிலை இருந்தது. அக்கா அதை அன்றைய தாளிப்பில் போட்டுவிட்டு, ஓட்டை வழியாகக் குரல் கொடுத்தாள்.

“போர்டுல எழுது. கறிவேப்பிலை, பேங்க் அக்கா வீட்டு மரம்.”

பேங்க் அம்மா அதை போனில் படம் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு தூக்குகள் வெறுமனே வரவே இல்லை. எலுமிச்சை, மாங்காய், ஒருமுறை உரிக்காத தேங்காய் தூக்கில் அடங்காமல் தனியாக வந்தது. எல்லாம் பலகையில் ஏறியது.

பலகையில் எல்லாவற்றுக்கும் ஊர் எழுதினேன். ஆகவே ஒருநாள் அந்தக் கேள்வியும் வந்தது.

“எல்லாம் எழுதுற. சமைக்கிறது யாரு, அத எழுதலியே?” என்றார் ஒருவர்.

“எங்க அக்காங்க.”

“எந்த ஊரு?”

ஊரைச் சொன்னேன்.

“எந்தத் தெரு?”

எங்கள் பக்கத்தில் சாதியை யாரும் சாதி என்று கேட்பதில்லை. ஊர் கேட்பார்கள், பிறகு தெரு கேட்பார்கள். தெருவைச் சொன்னால் மீதியை அவர்களே தெரிந்துகொள்வார்கள். “மாதா கோயில் பக்கம்” என்றேன். எப்போதும் அப்படித்தான் சொல்வது. எங்கள் ஊரில் கோயிலுக்கு முன்னால் இருக்கும் தெரு நிலம் வைத்திருந்தவர்கள் தெரு. பின்னால் இருப்பது அந்த நிலத்தில் இறங்கியவர்கள் தெரு. பூசை ஒன்று, மாதா ஒன்று, தேர் மட்டும் ரொம்ப காலம் பின்தெருவுக்குள் திரும்பாமல் இருந்தது. விவரம் தெரிந்தவர்கள் இன்னொரு கேள்வி கேட்பார்கள். அவரும் கேட்டார்.

“கோயிலுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

“சாம்பார் ஊத்தவா?” என்றேன் நான். அவர் சிரித்துக்கொண்டு ஊற்றச் சொன்னார். மறுநாள் வரவில்லை.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது சொன்னேன். “அக்கா, அந்தச் சுவரை இடிச்சிடலாம்.”

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “எதுக்கு?”

“எல்லாரும் பாக்கட்டும். எண்ணெய் எப்படி இருக்கு, சோறு எப்படி வடிக்கிறோம், மீன எத்தன தடவ கழுவுறோம். போர்டுல எழுதுனா நம்புறவன் நம்புவான். கண்ணால பாத்தா எல்லாரும் நம்புவான்.”

“சுவத்த இடிச்சா சோறா தெரியும்? நான்தான் தெரிவேன்.”

கழுவிய சட்டியை வாங்கிக் கவிழ்த்தேன்.

“நீ பாட்டுக்கு ஊர் ஊராப் போயிட்டு வந்துட்ட. ஒன்ன யாருக்கும் அடையாளம் தெரியாது. நான் இந்தச் சுத்துவட்டாரத்துல இறங்காத வயலு கெடையாது. வர்றவன்ல பாதிப் பேருக்கு நான் நட்டிருக்கேன், களை எடுத்திருக்கேன். இவளா ஆக்குறான்னு எந்திரிச்சிப் போவான். ஒனக்கு வேற ஊர் இருக்கு. எனக்கு இந்தக் கடைதான்.”

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கடை படுத்தால் நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அவள் மறுபடி வரப்போரம் போய்க் கல்லைக் கூட்ட வேண்டும், விட்டுப்போன இடுப்போடு. அதற்கு மேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எடுத்தது அவள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தபடி சொன்னாள். “ஓட்டை வழியா கைய நீட்டி நீட்டித் தோள்பட்ட வலிக்குது.”

“பெருசாக்கலாமா?”

“ஓட்டையப் பெருசாக்குறதெல்லாம் வேணாம். இடிக்கிறதா இருந்தா முழுசா இடி. பாதிச் சுவத்துக்குப் பின்னாடி நின்னா ஒளிஞ்சிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் போர்டுலயும் எழுதிடு. சமையல் யாரு, எந்தத் தெருன்னு. எவனும் வந்து உக்காந்து பாதி சாப்பிட்டப்புறம் கேக்கக் கூடாது. கேட்டு எந்திரிக்கிறவன் வாசல்லயே படிச்சிட்டுப் போயிடட்டும். எலையாவது மிச்சம்.”

ஏன் மனசு மாறினாள் என்று அவள் சொல்லவில்லை. தோள்பட்டை வலி என்று மட்டும்தான் இன்றுவரை சொல்கிறாள்.

உரக்கடைக்காரர் கட்டடத்தின் சொந்தக்காரர். அவரிடம் கேட்டேன். “கூரைய தாங்குற சுவர் இல்ல, இடிச்சிக்க. ஆனா தம்பி, அடுப்படிய வாசல்ல வச்சி எவனாவது கடை நடத்துவானா? கல்யாணத்துலகூட சமையல் கொட்டாயப் பின்னாடிதான் போடுறான்” என்றார். கடப்பாரையை அவர் கிடங்கிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தார். நானும் அக்காவும் முழுப் பகலும் இடித்தோம். செங்கலை அவள் வீணாக்கவில்லை, அடுப்புக்குப் பக்கத்தில் மேடை கட்டச் சொன்னாள். மேடையில் ஏறி நின்று பார்த்தாள். சாலை தெரிந்தது, எதிர்ப்புற வாய்க்கால் தெரிந்தது, வாய்க்காலுக்கு அப்பால் நாற்றங்கால் தெரிந்தது. “இதத்தான் ஒரு வருஷத்துக்கு மேலா ஒத்தக் கையால பாத்துக்கிட்டிருந்தனா” என்றாள். பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாதா படம் ஒன்றை அவளே மாட்டினாள்.

திங்கட்கிழமை காலை பலகையில் கடைசி வரியாக எழுதினேன். சமையல், எங்கள் அக்கா, மாதா கோயில் பின் தெரு. துணிப்பையிலும் கடைப் பேருக்குக் கீழே அதையே அச்சடித்து வாங்கினேன். பாதியில் நிற்க எனக்குத் தெரியாது.

அந்த வாரம் மத்தியானத்தில் ஈ ஓட்டினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, ஈயும் வரவில்லை. அக்காவுக்குத் தெரிந்த முகங்கள் வாசல்வரை வந்தன, பலகையைப் படித்தன, உள்ளே நிமிர்ந்து அவளைப் பார்த்தன, போன் வந்தது போலக் காதில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தன. உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகு, “அய்யய்யோ, இன்னைக்கு விரதம்ல” என்று ஒருவர் எழுந்தார். “என்ன விரதங்க?” என்று அக்கா மேடையிலிருந்து கேட்டாள். அவர் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தார். சிலர் ஒன்றும் சொல்லாமல் வந்து சாப்பிட்டார்கள். அவர்கள் முன்பே தெரு தெரிந்து வந்தவர்கள் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மறுநாள் காலையில் நாங்களே சாப்பிட்டோம். நெல் கொள்முதல் நிலையத்தில் அறுவடை நேரம், சாயங்காலம் போய் மூட்டை தூக்கினேன். உடம்புக்குப் பழகிய வேலைதான். பஸ் ஏறிவிடலாம் என்று நினைக்கவில்லையா என்றால், நினைத்தேன். அக்கா தினமும் அதே அளவு உலை வைத்தாள். ஆள் குறைந்ததற்காக அரிசியைக் குறைக்கவில்லை. அதைப் பார்த்த பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் போக எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஒருநாள் உரக்கடைக்காரர் ஒரு துணிச்சுருளோடு வந்தார். கெட்டியான பச்சைத் துணி, வளையமெல்லாம் தைத்து.

“தம்பி, நான் கெட்டது நெனைக்கிற ஆளு இல்ல. நீ போர்ட எடுக்க வேணாம். சுவரும் கட்ட வேணாம். இந்தத் திரைய மட்டும் போடு. புகை வருது, அதுக்காகப் போட்டேன்னு சொல்லிக்க. ரெண்டு பக்கமும் மரியாதையா இருக்கும்.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் மேடையிலிருந்து இறங்கி வந்து துணியைத் தொட்டுப் பார்த்தாள். “நல்ல துணி அண்ணே. சூடு தாங்குமா?”

“தாங்கும்மா. கெட்டித் துணி.”

“குடுங்க.”

அவர் நிம்மதியாகப் போனார். மறுநாள் மத்தியானம் திரையைப் பார்க்க வந்தவர், அக்கா உலைப்பானையை இறக்குவதைப் பார்த்தார். அவள் இரண்டு கையிலும் பச்சைத் துணி. வடிதட்டைப் பிடித்ததும் பச்சைத் துணி. ரசச் சட்டிக்கு அடியில் பச்சைத் துணி. திரையை அவள் அரிவாள்மனையில் வைத்துக் கரித்துணியாகக் கிழித்துவிட்டாள்.

“நீங்க சொன்ன மாதிரியே அண்ணே, நல்லா சூடு தாங்குது.”

அவர் துணியின் கிழிந்த ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “எலையப் போடு, வந்ததுக்கு சாப்பிட்டுட்டுப் போறேன்” என்று உட்கார்ந்தார். அதுவரை அவர் எங்கள் கடையில் டீகூடக் குடித்ததில்லை. வாடகைக்காரன் கடையில் சாப்பிட்டால் வாடகை கேட்க முடியாது என்பார். அன்று மூன்று முறை சோறு வாங்கினார். போகும்போது, “திரைய விடு. போர்டுல உரக்கடையும் போடேன்” என்றார்.

“ஒங்ககிட்டேருந்து என்ன வந்துச்சி, போடுறதுக்கு?”

“துணி வந்துச்சில்ல?”

மறுநாள் எழுதினேன். கரித்துணி, உரக்கடை.

மெல்ல ஆட்கள் வந்தார்கள். பழைய ஆட்கள் இல்லை, வேறு ஆட்கள். அறுவடை மிஷினோடு சேலம் பக்கத்திலிருந்து வரும் டிரைவர்கள் வந்தார்கள். வருஷம் பூராவும் வெளியில் சாப்பிட்டு வயிறு கெட்டவர்கள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு சாப்பிடும் இடம் அவர்களுக்குப் பிடித்தது. கல்லணை பார்க்கப் போகும் குடும்பங்கள் வந்தன. குழந்தைகளுக்குக் காரம் வேண்டாம் என்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே அக்காவிடம் சொல்லலாம். பேங்க் அம்மா தன்னோடு வேலை செய்பவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர்கள் நிலைத்தார்கள். முன்பு கூட்டம் அதிகம், முகம் நினைவிருக்காது. இப்போது கூட்டம் குறைவு, எல்லார் வீட்டுத் தோட்டத்திலும் என்ன காய்க்கிறது என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அது போதவில்லை. கடை நிற்க வேண்டுமானால் சுற்று ஊர்க்காரர்கள் வர வேண்டும். மிஷின் அறுவடையோடு போய்விடும். கல்லணைக்குத் தண்ணீர் வந்தால்தான் கூட்டம். ஊர்க்காரர்கள் பலகை வரையில்தான் வந்தார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் பெரிய வீட்டுக்காரர் வந்தார். எங்கள் ஊருக்கு அடுத்த ஊரின் மேலத்தெரு. அவர் அப்பா காலத்தில் எங்கள் அப்பா அந்த வீட்டுப் பண்ணையாள். இவர் என் வயதுதான், தஞ்சாவூரில் டிராக்டர் ஏஜென்சி வைத்திருக்கிறார். காரை நிறுத்தி, பலகையை மேலிருந்து கீழ் வரை படித்தார். கடைசி வரியிலும் கண் நின்றது. பிறகு உள்ளே வந்து, சாலையைப் பார்த்தபடி, அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

சாப்பிட்டு முடித்து எழுந்தார். கை கழுவும்போது அக்காவிடம் கேட்டார். “எங்க வயல்ல நட்டிருக்கீங்க இல்ல?”

எங்கள் அம்மாவாக இருந்தால் “ஆமாங்க ஆண்டே” என்றிருப்பாள். அக்கா, “ஆமா சார். ஒங்க வாய்க்காலோர வயலுதான் முழங்காலுக்கு மேல எறங்கும். இன்னமும் அப்படித்தான் கெடக்கா?” என்றாள்.

“இப்ப மிஷின் நடுது.”

“மிஷின் எறங்குனா எடுக்க முடியாதே.”

“போன வருஷம் மாட்டிக்கிச்சி” என்றார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை வந்தார். எப்போதும் முதுகைக் காட்டித்தான் உட்காருவார். ஒருநாள் பார்சல் கேட்டார். மனைவி காய்ச்சலில் கிடந்து இப்போதுதான் எழுந்திருக்கிறார், வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை, மீன் குழம்பு வேண்டும் என்றார். நான் ஆணியிலிருந்து தூக்கை எடுத்தேன்.

“கார்ல ஏனம் வச்சிருக்கேன். அதுல ஊத்திடுங்க. ஒங்க தூக்கு வேணாம்.”

நான் தூக்கை மாட்டப் போனேன். அக்கா கரண்டியை வைத்துவிட்டு இறங்கி வந்தாள். “இங்க கடைத் தூக்குலதான் சார் குடுக்குறது. எல்லாருக்கும் அப்படித்தான்.”

“அதுக்கில்ல. திருப்பிக் கொண்டாந்து குடுக்க ஒரு நடை.”

“நீங்கதான் வாரா வாரம் வர்றீங்களே.”

அவர் பையைப் பார்த்தார். அதில் எங்கள் தெரு மை காயாதது போலப் பளிச்சென்று இருந்தது. அந்தப் பை அவர் வீட்டுக்குள் போக வேண்டும். அடுப்படியில் வைக்க வேண்டும். யாராவது படிப்பார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். ஊர்க்காரர்களில் தானாக வந்து உட்கார்ந்த ஒரே பெரிய வீட்டு ஆள் அவர். அவர் போனால் அந்தத் தெருவே போனது. ஏனத்தில் ஊற்றிக் கொடுத்தால் என்ன என்று எனக்கே தோன்றியது. அக்கா முகத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

“வாய்க்குப் பிடிக்காம இருக்கறவங்களுக்கு ஆறிப்போச்சின்னா நல்லாருக்காது சார். தூக்குன்னா சூடு நிக்கும்” என்றாள். அவ்வளவுதான்.

அவர் வாங்கிக்கொண்டார். கார் வரை போனார். கதவைத் திறப்பதற்கு முன் தூக்கை வெளியே எடுத்து, பையை உள்வெளியாகத் திருப்பி, மறுபடி தூக்கை வைத்தார். நாங்கள் பார்க்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. சுவர் இல்லாத கடையில் எல்லாம் தெரியும்.

“தையல் வெளியில தெரியுது” என்றாள் அக்கா. அடுப்புக்குத் திரும்பினாள்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. சுவரில் ஓர் ஆணி மட்டும் மொட்டையாக நின்றது. நான் வேறு தூக்கை நகர்த்தி மாட்டி அதை மறைக்கப் பார்த்தேன். அக்கா அதைத் திரும்பவும் பழைய ஆணிக்கே மாற்றினாள்.

“ஒரு தூக்கு போனாப் போவுதுக்கா.”

“தூக்கு போவட்டும். எடம் காலியா இருக்குன்னு தெரியணும்ல.”

தூக்கு வராமலே போகலாம். வெறுமனே வரலாம். அந்த வீட்டிலிருந்து பழைய சோறோ மீந்த பலகாரமோ போட்டு வரலாம், அந்த வீட்டுக் கொல்லையில் நின்று அதை எல்லாம் வாங்கியிருக்கிறாள் அவள். மூன்றாவதுதான் அவளுக்குப் பயம் என்று எனக்குத் தோன்றியது. மீந்ததை வாங்கினால் பழையபடி கொல்லைப்புறத்தில் நிற்கிறாள். மறுத்தால் மேலத்தெரு பலகையோடு நின்றுவிடும்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் கார் வந்தது. அவர் கையில் மஞ்சள் பை இருந்தது. துவைத்து, மடிப்புத் தெரிய இஸ்திரி போட்ட பை. எழுத்து வெளியே இருந்தது.

“வெளியூர் போயிருந்தேன். வீட்ல குடுத்து விட்டாங்க” என்று மேடையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அக்கா தூக்கைத் திறந்தாள். நார்த்தங்காய். காம்பில் இலையோடு, மழைத்துளியோடு, அன்று காலையில் பறித்தது. அவள் ஒன்றை எடுத்து முகர்ந்தாள். நகத்தால் தோலைக் கீறிப் பார்த்தாள். தூக்கின் அடிவரை கைவிட்டுத் துழாவினாள், வேறு ஏதாவது இருக்கிறதா என்று. வேறு ஒன்றும் இல்லை.

“மீந்தது இல்ல. மரத்துலேருந்து பறிச்சிருக்காங்க” என்றாள் என்னிடம், தாழ்ந்த குரலில். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “போர்டுல எழுது” என்றாள்.

“என்னன்னு?”

“எங்கேருந்து வந்துச்சோ அதத்தான். எப்பவும் என்ன எழுதுவ?”

சாக்பீஸை எடுத்தேன். நார்த்தங்காய், பெரிய வீட்டுத் தோட்டம், மேலத்தெரு என்று எழுதினேன். இடம் இல்லாததால் அது எங்கள் தெருவுக்கு நேர் மேலே, ஒட்டினாற்போல வந்தது. பெரிய வீட்டுக்காரர் ஈரக் கையோடு வந்து பின்னால் நின்றார்.

“எங்க வீட்டையுமா எழுதுறீங்க?”

“தூக்குல வர்றது எல்லாத்தையும் எழுதறதுங்க” என்றேன்.

“தெரு வேணாமே. எல்லாரும் படிக்கிற எடம்.”

அக்கா காய்களை ஒவ்வொன்றாகத் திரும்பவும் தூக்கில் போட ஆரம்பித்தாள். கோபமாக இல்லை. கடையில் சரக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது எப்படிப் போடுவாளோ அப்படி. “எழுதாம இங்க எதையும் சமைக்கிறது இல்ல சார். அது ஒண்ணு வச்சிதான் கடை நடக்குது. எங்க தெருவையே எழுதியிருக்கு. வேணாம்னா எடுத்துட்டுப் போங்க, வருத்தம் ஒண்ணுமில்ல. குழம்பு எப்பவும் போல கெடைக்கும்.”

சேலத்து டிரைவர்கள் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். உரக்கடைக்காரர் அப்போதெல்லாம் தினமும் வருவார், அவர் மட்டும் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, “என் கரித்துணிக்கே தெருவோடதான் போட்டான்” என்றார். அது பொய். உரக்கடை என்று மட்டும்தான் போட்டிருந்தேன்.

பெரிய வீட்டுக்காரர் பலகையை மறுபடி படித்தார். சாலையில் அவர் ஊர் மினி பஸ் போனது. அதில் இருந்தவர்கள் பார்த்திருப்பார்கள். அவரும் அவர்களைப் பார்த்தார்.

“காய அவங்களே நின்னு பறிச்சாங்க” என்றார். “திருப்பி எடுத்துட்டுப் போனா, எனக்கு வீட்ல சோறு கெடைக்காது.”

“அப்ப இங்க சாப்பிடுங்க” என்றாள் அக்கா.

அவர் உட்கார்ந்தார். எப்போதும் போலச் சாலையைப் பார்த்துத்தான். இலை போட்டேன். அக்கா காய்களைத் தூக்கிலிருந்து எடுத்துக் கழுவி, பச்சைத் துணியால் துடைத்து, நறுக்கி ஜாடியில் கல்லுப்போடு அமுக்கினாள். மொட்டை ஆணியில் தூக்கை மாட்டினாள்.

சாயங்காலம் நான் வழக்கம்போலப் பலகையை அழிக்க ஈரத்துணியோடு போனேன்.

“அந்த ரெண்டு வரியையும் விடு” என்றாள். “நார்த்தங்கா உப்புல ஊறவே பல நாளாவும். ஊறுகா தீர்ற வரைக்கும் இருக்கணும்.”